தேமல் யாருக்கு வருகிறது, யார் மேல் தெரிகிறது?

"நம்ம கலருக்குத் தேமல் சீக்கிரம் வந்துடும்" என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருப்போம். இணையத்தில் தேடினால் இதே பேச்சு வேறு வேஷத்தில் வருகிறது: ஆசியத் தோல் இப்படி, ஆப்பிரிக்கத் தோல் அப்படி, ஐரோப்பியத் தோல் இன்னொரு விதம், ஆகவே இன்னாருக்கு ஈஸ்ட் தொற்று அதிகம். இதில் கொஞ்சம் உண்மையும் நிறையக் குழப்பமும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் விட்டால் நஷ்டப்படுவது நோயாளிதான். தேவையில்லாத க்ரீம், தேவையில்லாத பயம், சில நேரம் கண்டுபிடிக்காமல் விட்டுப்போகும் தொழுநோய் என்று அந்த நஷ்டம் பல வகை.

குழப்பத்தைப் பிரிக்க, இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஈஸ்ட் யார் தோலில் அதிகம் வளர்கிறது என்பது ஒன்று. வளர்ந்த ஈஸ்ட் யார் தோலில் கண்ணுக்குத் தெரிகிறது என்பது மற்றொன்று. பெரும்பாலான தவறான முடிவுகள், இரண்டாவது கேள்வியின் பதிலை முதல் கேள்விக்குப் போட்டுவிடுவதால் வருகின்றன.

## இந்த ஈஸ்ட் எது?

ஒற்றைச் செல்லாக வாழும் பூஞ்சைகளுக்குப் பொதுப் பெயர் ஈஸ்ட். ரொட்டி மாவை உப்ப வைப்பதும் ஈஸ்ட், தோலில் குடியிருப்பதும் ஈஸ்ட். ஆனால் இரண்டும் வேறு வேறு இனம். தோல் விஷயத்தில் இரண்டு பேரினங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. கேண்டிடா. ஈரமும் மடிப்பும் இருக்கிற இடங்களில் வளரும். வாய், பிறப்புறுப்பு, தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ் மடிப்பு, குழந்தைக்கு டயப்பர் கட்டும் இடம்.

2. மலசீசியா. எண்ணெய்ப் பசை உள்ள இடங்களில் வளரும். தலை, முகம், கழுத்து, மார்பு, முதுகு, தோள். பொடுகில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. தேமலுக்குக் காரணமே இதுதான்.

படர்தாமரையை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அதுவும் பூஞ்சைத் தொற்றுதான், ஆனால் ஈஸ்ட் இல்லை. தோலின் கெரட்டினைத் தின்னும் இழைப் பூஞ்சை அது. மருந்து, பரவும் விதம் எல்லாமே வேறு.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் மலசீசியாவைப் பற்றியது. மக்களிடையே உள்ள தோல் வேறுபாடுகளுக்கும் ஈஸ்ட்டுக்கும் இடையே உள்ள உறவு தேமலில்தான் தெளிவாகத் தெரிகிறது.

தேமலுக்குப் பூஞ்சைதான் காரணம் என்பதை 1846இல் ஐக்ஸ்டெட் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டறிந்தார். 1874இல் பிரெஞ்சு ஆய்வாளர் லூயி சார்ல் மலசே, தலையின் பொடுகுச் செதில்களில் இதன் வட்டமான செல்களை விவரித்தார். 1889இல் அவர் பெயரிலேயே பேரினத்துக்கு மலசீசியா என்று பெயர் வைக்கப்பட்டது. தேமலின் மருத்துவப் பெயர் பிடிரியாசிஸ் வெர்சிகலர். 'பிடிரான்' என்றால் கிரேக்கத்தில் தவிடு. ஈஸ்ட் இனங்களில் ஒன்றுக்கு ஃபர்ஃபர் என்று பெயர், அதற்கும் லத்தீனில் தவிடு என்றே பொருள். தேமலை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உதிருவது தவிடு போலவே இருக்கும், பெயர் வைத்தவர்கள் அதைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். 'வெர்சிகலர்' என்றால் நிறம் மாறி மாறி வருவது. இந்தக் கடைசிச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மலசீசியாவின் வாழ்க்கை முழுக்க எண்ணெயை நம்பி இருக்கிறது. 2007இல் மலசீசியா குளோபோசா என்ற இனத்தின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிப்பதற்கான மரபணு அதற்கு இல்லை என்பது தெரிந்தது. நாம் சுரக்கும் எண்ணெயை உடைத்து, அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் சாதாரண வளர்ப்புத் தட்டில் போட்டால் இது பெரும்பாலும் வளராது. தட்டின் மேல் ஆலிவ் எண்ணெயை மெல்லிய படலமாக ஊற்றினால் வளரும்.

முக்கியமான விஷயம்: இந்த ஈஸ்ட் எல்லார் தோலிலும் உண்டு. பிறந்த சில வாரங்களுக்குள் குடியேறிவிடுகிறது. ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், தமிழர், ஜப்பானியர் யாரும் விலக்கில்லை. இடத்துக்கு இடம் மலசீசியா இனங்களின் விகிதம் மாறலாம். தேமல் என்பது வெளியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்பதும் இதிலேயே விளங்கும். வீட்டில் ஒருவருக்குத் தேமல் வந்தால் துண்டைத் தனியாக வைக்க வேண்டியதில்லை.

## வட்டம் இழையாக மாறும்போது

அமைதியாகக் குடியிருக்கும்போது மலசீசியா உருண்டைச் செல்லாக இருக்கிறது. சூழல் சாதகமாகிவிட்டால் அதோடு குட்டையான இழைகளும் வளரத் தொடங்குகின்றன. தேமல் என்ற நோயின் அடையாளம் இந்த மாற்றம்தான்.

இதைப் பார்ப்பது எளிது. தேமல் மேல் ஒரு சிறு கத்தியின் மழுங்கிய விளிம்பால் சுரண்டி, உதிரும் தவிட்டைக் கண்ணாடிச் சில்லில் போடுவார்கள். அதன் மேல் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு. சில ஆய்வகங்களில் அதோடு நீலப் பேனா மையும் கலப்பார்கள், ஈஸ்ட் நீலமாகத் தூக்கலாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தோல் செல்கள் கரைந்து கண்ணாடி போல ஆகிவிடும், ஈஸ்ட் மட்டும் மிஞ்சும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஜவ்வரிசியும் சேமியாவும் போட்ட பாயசம்தான்: உருண்டை உருண்டையாகச் செல்கள் கொத்தாக, இடையிடையே துண்டு துண்டாக இழைகள். இந்தக் காட்சி கிடைத்துவிட்டால் வேறு பரிசோதனை தேவைப்படுவது அரிது.

சுரண்டியது கறுப்புத் தோலா, வெள்ளைத் தோலா, மாநிறமா என்று அந்தச் சில்லைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எல்லாச் சில்லிலும் அதே பாயசம்.

## அப்புறம் நிறம் ஏன் மாறுகிறது?

தோலுக்கு நிறம் தருவது மெலனின். மெலனோசைட் என்ற செல்கள் அதைச் செய்து, மெலனோசோம் என்ற நுண்பைகளில் அடைத்துப் பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகின்றன. பலருக்கு வியப்பாக இருக்கும், ஆனால் கருந்தோலிலும் வெண்தோலிலும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் பைகளில் இருக்கிறது. கருந்தோலில் பைகள் பெரியவை, நிறைந்தவை, ஒவ்வொன்றாகப் பரவிக் கிடப்பவை. வெண்தோலில் சிறியவை, கொத்தாகச் சேர்ந்து கிடப்பவை.

மலசீசியா இந்த ஏற்பாட்டில் பல வழிகளில் கை வைக்கிறது.

1. தோலின் கொழுப்பை உடைக்கும்போது உருவாகும் பொருள்களில் அசெலாயிக் அமிலம் ஒன்று. மெலனின் தயாரிப்புக்கு வேண்டிய டைரோசினேஸ் என்ற நொதியின் வேலையை இது தடுக்கிறது. இதே அமிலம் பின்னாளில் மருந்தாகவும் ஆனது. முகப்பருவுக்கும் மங்குவுக்கும் டாக்டர்கள் எழுதும் அசெலாயிக் அமில க்ரீமின் கதை, மலசீசியாவின் மேல் நடந்த ஆராய்ச்சியில் தொடங்கியது.

2. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து இது சில இன்டோல் சேர்மங்களைச் செய்கிறது. அவற்றில் மலசீசின் மெலனோசைட்டுகளைத் தானாக அழியத் தூண்டுகிறது. பிடிரியாசிட்ரின் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது.

3. பாதிக்கப்பட்ட இடத்தைத் திசுப் பரிசோதனை செய்தால், வெளுத்த தேமலில் மெலனோசோம்கள் சிறுத்தும் குறைந்தும் காணப்படுகின்றன. கறுத்த தேமலில் அவை பெருத்திருக்கின்றன, மேல்தோல் அடுக்கு தடித்திருக்கிறது, லேசான அழற்சியும் இருக்கிறது.

வெண்தேமல், கருந்தேமல் என்று நம் ஊரில் இரண்டு நோயாகப் பிரித்துப் பேசுகிறோம். இரண்டும் ஒரே நோய். ஒரே ஆளின் உடம்பில், கழுத்தில் வெளுப்பாகவும் முதுகில் பழுப்பாகவும் வரலாம். வெர்சிகலர் என்ற பெயர் அதனால்தான்.

## கண்ணுக்குத் தெரிவது வேறு கணக்கு

ஒரே அளவு ஈஸ்ட், ஒரே அளவு மெலனின் தடை, இரண்டு பேர். ஒருவர் திருநெல்வேலிக்காரர், நல்ல கறுப்பு. அவர் மார்பில் வெளுத்த வட்டங்கள் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர். அவர் தோலில் தடுப்பதற்கே மெலனின் சொற்பம். குளிர்காலத்தில் அவர் உடம்பில் தேமல் இருந்தாலும் வெளிர் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மங்கலாகக் கிடக்கும், அவரே கவனித்திருக்க மாட்டார். கோடையில் வெயிலில் காய்ந்து சுற்றுத்தோல் கறுத்த பிறகு, கறுக்காமல் நிற்கும் இடங்களைப் பார்த்து டாக்டரிடம் போவார். அங்கே உட்ஸ் விளக்கு என்ற கருநீல ஒளி விளக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். தேமல் சில நேரம் அதில் மஞ்சள் பச்சையாக ஒளிரும், கண்ணுக்கு எட்டாத வட்டங்களும் அப்போது தெரியும்.

ஆஸ்பத்திரிக் கணக்குகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. ஒரு தோல் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களின் எண்ணிக்கை, நோய் உள்ளவர்களின் எண்ணிக்கை ஆகாது. நோய் உள்ளவர்களில், அதைப் பார்த்துக் கவலைப்பட்டவர்களின் எண்ணிக்கை அது. கருந்தோலில் தேமல் சீக்கிரம் தெரிகிறது, அதனால் சீக்கிரம் வருகிறார்கள், அதனால் பதிவேட்டில் ஏறுகிறார்கள். அந்தப் பதிவேட்டைக் காட்டிக் கருந்தோலுக்கு நோய் அதிகம் என்று முடிவுகட்டினால் அது கணக்குப் பிழை.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. தோல் சிவந்தால்தான் அழற்சி என்று வெண்தோலை வைத்து எழுதப்பட்ட பாடங்களைப் படித்தவர்கள், கருந்தோலில் கேண்டிடா புண்ணைத் தவறவிடலாம். கருந்தோலில் அது சிவப்பாக இல்லாமல் கருஞ்சாம்பலாகவோ ஊதாக் கலந்த பழுப்பாகவோ தெரியும். தோல் நிறங்களை வகைப்படுத்த உலகம் முழுக்கப் பயன்படும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலே 1975இல் வெண்தோலை மனதில் வைத்து உருவானது. பழுப்பு, கறுப்புத் தோல்களுக்கான பிரிவுகள் பிற்பாடு விரிவானவை.

## சரி, உண்மையான வேறுபாடுகள் எவை?

தெரிவதை ஒதுக்கிவிட்டு, வருவதை மட்டும் பார்த்தாலும் மக்களிடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த சில பகுதிகளில் தேமல் 30 முதல் 50 சதவீதம் பேர் வரை காணப்படுவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஸ்வீடனில் அது ஏறக்குறைய 1 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளிக்கு எது காரணம்? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

1. தட்பவெப்பம். முதல் இடம் இதற்குத்தான், மற்றவை வெகு பின்னால். மலசீசியா 32 முதல் 37 டிகிரியில் நன்றாக வளர்கிறது. வியர்வை காயாத தோல், இறுக்கமான பாலியஸ்டர் சட்டை, புழுக்கமான இரவு எல்லாம் அதற்கு உதவி. குளிர்நாடுகளில் தேமல் கோடையில் வந்து குளிர்காலத்தில் அடங்குகிறது. நம் கடற்கரை ஊர்களில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் வெப்பமண்டலத்தில் சில மாதம் தங்கிவிட்டுத் தேமலோடு ஊர் திரும்புவது தோல் மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம். அவர்கள் தோலின் நிறம் அவர்களைக் காப்பாற்றுவதில்லை.

2. எண்ணெய்ச் சுரப்பும் வயதும். பருவ வயதில் ஹார்மோன்களால் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. தேமல் அதிகம் வருவது 15 வயதிலிருந்து 30 சொச்சம் வரை. வயதானால் சுரப்பு குறைகிறது, தேமலும் குறைகிறது. எந்த இனத்தவருக்கு எண்ணெய் அதிகம் சுரக்கிறது என்று அளந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே இனத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம், இனங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கிறது. வெப்பநாடுகளில் சிறு பிள்ளைகளின் முகத்திலும் நெற்றியிலும் தேமல் வருவது உண்டு. உடம்புக்கு எண்ணெய் தேய்த்து வெகுநேரம் ஊறவிடும் பழக்கமும் ஈஸ்ட்டுக்குத் தீனி போடுவதுதான்.

3. வியர்வைச் சுரப்பிகள். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பிறப்பால் வந்தது என்று தோன்றுகிற ஒரு வேறுபாடு எப்படி ஊரால் வந்ததாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. யாஸ் குனோ என்ற ஜப்பானிய உடலியலாளர் வியர்வையை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர். பல்வேறு மக்களிடம் வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தார்கள். வடக்கே குளிரில் வாழும் ஐனு மக்களிடம் குறைவு, ஜப்பானியரிடம் நடுத்தரம், வெப்பமான பிலிப்பைன்ஸ் மக்களிடம் அதிகம். இதோடு நிறுத்தியிருந்தால் இது இன வேறுபாடு என்றுதான் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். ஆனால் வெப்பநாட்டில் பிறந்து வளர்ந்த ஜப்பானியர்களையும் எண்ணினார்கள். அவர்களிடம் வெப்பநாட்டு மக்களுக்கு நிகரான எண்ணிக்கை இருந்தது. வளர்ந்த பிறகு அங்கே குடியேறிய ஜப்பானியர்களிடம் அப்படி இல்லை. பிறந்து முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் குழந்தை எந்த வெப்பத்தில் வளர்கிறதோ, அதற்கேற்பச் சுரப்பிகள் விழிக்கின்றன, மீதி உறங்கிவிடுகின்றன. இரண்டு கூட்டத்தாரின் தோல் அளவிடக்கூடிய விதத்தில் வேறுபட்டிருந்தும், அதைக் கொடுத்தது பரம்பரை இல்லை, தொட்டில் கிடந்த ஊர்.

4. தோலின் தடுப்புச் சுவர். நிறத்தோடு நேரடியாகச் சேர்ந்து வரும் வேறுபாடு இங்கே ஒன்று இருக்கிறது, அது கருந்தோலுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கருந்தோலின் மேற்பரப்பு வெண்தோலைவிடச் சற்றுக் கூடுதல் அமிலத்தன்மையோடு இருந்தது. தோலின் மேலடுக்கைச் சிதைத்துப் பார்த்தபோது கருந்தோல் விரைவாகத் தன்னைச் சரிசெய்துகொண்டது. அமிலத்தன்மை பல கிருமிகளுக்குப் பிடிக்காத ஒன்று. 2001இல் மெக்கின்டாஷ் என்ற ஆய்வாளர் இன்னும் ஒரு படி மேலே போய், வெப்பமண்டல மக்களிடம் மெலனின் மிகுந்ததற்கு வெயில் மட்டும் காரணமில்லை, ஈரக்காட்டின் பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் தடுப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். இது கருதுகோள்தான், நிலைநாட்டப்பட்ட முடிவு இல்லை. ஆனாலும் "நம்ம கலருக்குத் தேமல் வரும்" என்ற பேச்சுக்கு எதிர்த் திசையில் நிற்கும் சான்றுகள் இவை.

5. நோய் எதிர்ப்பு மரபணுக்கள். சில மக்கள் கூட்டங்களுக்கு ஈஸ்ட் தொற்று உண்மையாகவே பரம்பரையில் அதிகம். இதற்குத் தெளிவான உதாரணம் ஏபிசெட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அரிய நோய். இதில் ஏர் என்ற மரபணு பழுதாகிறது. அது 1997இல் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த நோயாளிகளின் உடம்பு, ஈஸ்ட்டை விரட்டத் தேவைப்படும் இன்டர்லூக்கின் 17, 22 என்ற தன் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. சிறு வயதிலிருந்தே வாயிலும் நகத்திலும் கேண்டிடா தீராமல் வந்துகொண்டிருக்கும். இது அதிகம் காணப்படுவது ஈரானிய யூதர்களிடம் ஏறக்குறைய 9,000 பேரில் ஒருவர், சார்டீனியத் தீவில் 14,000 பேரில் ஒருவர், ஃபின்லாந்தில் 25,000 பேரில் ஒருவர். சிறிய கூட்டமாகத் தனித்து வாழ்ந்ததால் ஒரு முன்னோரின் பழுது பல வீடுகளுக்குப் பரவிய கதை இது. ஃபின்லாந்துக்காரர்கள் உலகிலேயே வெளுத்த தோல் உள்ளவர்களில் ஒரு பிரிவினர். அவர்கள் தோல் நிறத்துக்கும் இந்தப் பலவீனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நிறத்தை முடிவுசெய்யும் மரபணுக்கள் வேறு, ஈஸ்ட்டோடு சண்டை போடும் மரபணுக்கள் வேறு, இரண்டும் தனித்தனியாகவே கைமாறுகின்றன. தேமலும் சில குடும்பங்களில் அண்ணன் தம்பி, அப்பா பிள்ளை என்று சேர்ந்து வருவதுண்டு. அங்கேயும் ஒரே நிறமுள்ள ஊரில் ஒரு வீட்டுக்கு வருகிறது, பக்கத்து வீட்டுக்கு வருவதில்லை.

6. சர்க்கரை நோய். கேண்டிடாவைப் பொறுத்தவரை தெற்காசியர்களுக்கு உண்மையான ஆபத்து இங்கே இருக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. ஐரோப்பியர்களைவிட நமக்கு இளம் வயதிலும் குறைந்த உடல் எடையிலும் அது வருகிறது. சர்க்கரை ஏறினால் தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, நகச்சுற்று என்று கேண்டிடா திரும்பத் திரும்ப வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய சர்க்கரை மாத்திரைகள் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுவதால், பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று அவற்றின் தெரிந்த பக்கவிளைவு. அரிப்போடு வரும் நடுத்தர வயதுக்காரருக்கு முதலில் ரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்வது அதனால்தான்.

## இந்தக் குழப்பம் நோயாளியை எங்கே அடிக்கிறது?

முதல் அடி, தவறான நோயறிதல். வெளுத்த தோல் எல்லாம் தேமல் இல்லை. வெண்புள்ளி பால் போல முழுக்க வெளுத்திருக்கும், சுரண்டினால் தவிடு உதிராது. பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாக வரும் வெளுப்பைப் பார்த்து "பூச்சி விழுந்திருக்கு" என்று குடற்புழு மருந்தும், "கால்சியம் கம்மி" என்று டானிக்கும் கொடுப்பது நம் வழக்கம். பெரும்பாலும் அது வறண்ட தோலில் வரும் லேசான எக்சிமா, பூச்சிக்கும் கால்சியத்துக்கும் அதில் பங்கில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது தொழுநோய். வெளுத்த இடத்தில் தொட்டாலோ, பஞ்சால் வருடினாலோ, சூடு குளிர்ச்சி வைத்தாலோ உணர்ச்சி குறைவாக இருந்தால் அது தேமல் இல்லை. அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும், சிகிச்சை இலவசம். கறுப்பு உடம்புக்குத் தேமல் சகஜம் என்ற எண்ணம், இப்படிப்பட்டவர்களை மாதக்கணக்கில் வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது.

இரண்டாவது அடி, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் க்ரீம். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூப்கள் நம் ஊரில் தாராளமாகப் புழங்குகின்றன. ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும், கூடவே அந்த இடத்தின் எதிர்ப்பையும் அடக்கும். கருந்தோலில் தொடர்ந்து பூசினால் ஸ்டீராய்டே தோலை வெளுக்க வைக்கும். தேமலின் வெளுப்புக்குப் பூசத் தொடங்கி, மருந்தின் வெளுப்பைத் தேமல் என்று நினைத்து மேலும் பூசுகிறார்கள். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்காத கடைகள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன.

மூன்றாவது, மனசு. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் பெண்ணின் கழுத்தில் தேமல் என்றால் முழுக்கை ரவிக்கை, துப்பட்டா, பவுடர். சங்கப் பாடல்களில் காதலியின் மேனியில் சுணங்கு படர்ந்திருப்பது அழகாக வரும், வேங்கைப் பூவின் தாது உதிர்ந்தது போல என்று உவமை சொல்வார்கள். சுணங்கு என்ற சொல்லுக்கு உரைகாரர்கள் தேமல் என்றே பொருள் எழுதினார்கள். அது இந்த ஈஸ்ட் நோய்தான் என்று சொல்ல வரவில்லை. மேனியில் நிறம் மாறிய புள்ளியைக் கண்டு மனிதர்கள் எப்போதும் முகம் சுளித்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

## சிகிச்சை, அதன் பிறகு மிஞ்சும் வெளுப்பு

மருந்து எளிமையானது, எந்த நிறத் தோலுக்கும் ஒன்றுதான். 2.5 சதவீத செலினியம் சல்பைடு அல்லது 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவைத் தலைக்கு மட்டுமில்லாமல் கழுத்திலிருந்து இடுப்பு வரை பூசி, சில நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்வார். தெரிகிற புள்ளிகளில் மட்டும் தொட்டுத் தொட்டு வைப்பது பலன் தராது, தெரியாத இடத்திலும் ஈஸ்ட் இருக்கிறது. பரவலாக இருந்தால் ஃப்ளுகோனசோல் அல்லது இட்ராகோனசோல் மாத்திரை எழுதுவார்கள். படர்தாமரைக்குக் கேட்கும் டெர்பினாஃபின் மாத்திரை தேமலுக்குக் கேட்காது, மிச்சமிருந்ததை எடுத்துப் போட்டுக்கொள்வதில் பயனில்லை. கீட்டோகோனசோல் மாத்திரையாக வேண்டாம். கல்லீரலைப் பாதிப்பதால் 2013இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தன. ஷாம்பூவுக்கும் க்ரீமுக்கும் இந்தப் பயம் கிடையாது.

திரும்ப வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓராண்டுக்குள் 60 சதவீதம் பேருக்கும், இரண்டாண்டுக்குள் 80 சதவீதம் பேருக்கும் திரும்புவதாகக் கணக்கு. ஈஸ்ட் நம்மோடு குடியிருப்பது, வெயிலும் வியர்வையும் மறுபடி வரும்போது அதுவும் மறுபடி கிளம்பும். அடிக்கடி வருபவர்கள் கோடை தொடங்கும்போதே இடைவெளி விட்டு ஷாம்பூவைத் தொடர்ந்து பூசுவதற்கு டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

கருந்தோல் உள்ளவர்களுக்கு மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மருந்து சில வாரத்தில் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். மெலனோசைட்டுகள் பழையபடி மெலனின் செய்து, வெளுத்த வட்டத்தை நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். வெண்தோலில் இந்த இடைவெளி கண்ணில் படாமல் போய்விடும். கருந்தோலில் தினமும் கண்ணாடியில் தெரியும். "மருந்து கேட்கவில்லை" என்று டாக்டரை மாற்றுவதும், க்ரீமை மாற்றுவதும், மாத்திரையை இரட்டிப்பதும் இந்தக் காலத்தில்தான் நடக்கிறது. வெளுத்த இடத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தவிடு உதிர்ந்தால் ஈஸ்ட் இன்னும் இருக்கிறது, டாக்டரிடம் போகலாம். ஒன்றும் உதிராமல் வழவழவென்று இருந்தால் ஈஸ்ட் போய்விட்டது, மிச்சம் இருப்பது வெறும் நிறம். அதற்குப் பூசுவதற்கு ஒன்றுமில்லை, அன்றாட வெயில் பட்டால் போதும்.